பிந்தி வந்தாலும் அது விபத்துச் சாவுதான்
பழனி மலை ஊர்களில் அடிபட்டவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, வடகவுஞ்சி என்று எந்த ஊராகவும் இருக்கட்டும். சாலை விபத்தில் அடிபட்ட ஒருவர் இன்று உங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான். பெரியாஸ்பத்திரியில், "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூட்டிவந்து காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாவுக்கட்டோ, காலுக்குள் கம்பியோ, மூத்திரக் குழாயோ இருக்கிறது. நீங்கள் பூண்டு, பீன்ஸ் வேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அவர் எழுந்து நடமாட வேண்டும் என்பதே என் வேண்டுதலும். ஆனால் விபத்து இழப்பீட்டு மனுக்களில் அடிபட்டவர் பக்கம் நின்று வாதாடும் வழக்கறிஞன் நான். நல்லது நடக்காமல் போனால் என்ன செய்வது என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லியாக வேண்டியிருக்கிறது. அபசகுனமாகப் பேசுகிறேன் என்று கோபப்படாதீர்கள். எல்லாம் முடிந்து, கருமாதியும் கழிந்து, ஒரு பை நிறையத் தாள்களோடு என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிப் பயனில்லாமல் போன விஷயங்கள் இவை. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். அன்று பட்ட அடிக்கும் பின்னால் வந்த சாவுக்கும் உள்ள தொடர்பை எந்த வக்கீலும் நீதிமன்றத்தில் புதிதாக உண்டாக்க முடியாது. அடிபட்ட நாளுக்கும் இறந்த நாளுக்கும் நடுவில், உங்கள் வீட்டில் சேரும் தாள்களில்தான் அது உருவாகிறது. அந்தத் தொடர் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. விபத்து நடந்த இடத்திலோ, நடந்து 30 நாட்களுக்குள்ளோ உயிர் போனால்தான் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். பல நாடுகளும் இதே முறையில்தான் எண்ணுகின்றன. முப்பத்தோராவது நாள் இறப்பவர் அந்தப் புள்ளிவிவரத்தில் வரமாட்டார். ஆனால் இந்த 30 நாள் வரம்பு புள்ளிவிவரத்துக்கு மட்டும் உரியது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில், இத்தனை நாளுக்குள் இறந்தால்தான் விபத்துச் சாவு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இங்கிலாந்தின் குற்றவியல் சட்டத்தில் ஒரு பழைய விதி இருந்தது. அடிபட்டு ஓராண்டும் ஒரு நாளும் கடந்து இறந்தால் அந்தக் கொலைப்பழி அடித்தவர்மேல் விழாது. அதையும் அவர்கள் 1996-ல் எடுத்துவிட்டார்கள். நாலு மாதம் கழித்தோ ஒன்றரை வருடம் கழித்தோ உயிர் போனாலும், அந்த அடிதான் காரணம் என்று காட்ட முடிந்தால், அது விபத்துச் சாவுதான்.

உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது. தலையில் அடிபட்ட வயதானவருக்கு அன்றைய ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். மூளையின் உறைக்கடியில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, சில வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும். "வயசாயிடுச்சு" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். கால் எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு ஆடுதசை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும். பார்க்கிறவர்களுக்கு அது நெஞ்சடைப்பு. முதுகுத்தண்டு அடிபட்டவருக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து ரத்தம் முழுவதும் கிருமி பரவும். வயிற்றில் அடிபட்டு மண்ணீரலை எடுத்தவருக்குக் கிருமித்தொற்று வந்தால், மற்றவர்களுக்குக் காய்ச்சலோடு போவது இவருக்கு உயிரையே கொண்டுபோகலாம். அந்த அபாயம் வாழ்நாள் முழுதும் உண்டு. இப்படி இறந்தவர்கள் எல்லோருக்கும் ஊரில் சொல்லப்படும் காரணம் மாரடைப்பு, காய்ச்சல், முதுமை என்றுதான் இருக்கும்.

காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீலும் அந்தச் சொற்களைத்தான் பிடித்துக்கொள்வார். பழனி ரோட்டில் கால் முறிந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் மனைவியைக் கூண்டில் ஏற்றியபோது கேட்ட கேள்விகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. "டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு உங்கள் கணவர் ஊன்றுகோல் வைத்து நடந்துதானே வேன் ஏறினார்?" "ஆமாங்கய்யா." "அதுக்கப்புறம் அவரை எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்கவில்லை?" "சேக்கலைங்க." "அவருக்குப் பீடிப் பழக்கம் உண்டு?" "உண்டுங்க." ஒவ்வொரு பதிலும் உண்மை. ஆனால் அந்த மூன்று பதிலையும் சேர்த்துப் படித்தால், நல்லபடியாக வீடு திரும்பிய மனிதர் பீடி குடித்து மாரடைப்பில் இறந்துபோனார் என்று ஆகிவிடுகிறது. ஆறாவது வாரத்தில் வீட்டில் இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனையும் நடக்கவில்லை.

அந்த வழக்கைக் காப்பாற்றியது ஒரு துண்டுச் சீட்டு. ரேஷன் கார்டு நகலோடு பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்தார் அந்த அம்மா. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியபோது கொடுத்த ஓ.பி. சீட்டு அது. வலது ஆடுதசை வீக்கம், நேற்றிலிருந்து மூச்சுத்திணறல், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது என்று பேனாவால் கிறுக்கியிருந்தது. வண்டி கிடைக்கவில்லை, மறுநாள் போகலாம் என்று இருந்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு மனுதாரர் தரப்புச் சான்றாவணமாகக் குறிக்கப்பட்டது. எழுதிய மருத்துவரைச் சாட்சியாக அழைத்தோம். முறிந்த காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்திருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று அவர் சொன்னார். காலுக்கும் மூச்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அந்தச் சில வரிகள் நிரப்பின. விபத்தே சாவுக்குக் காரணம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நல்ல செய்தி ஒன்று உண்டு. கொலை வழக்கைப் போல ஐயம் திரிபற நிரூபிக்க வேண்டிய இடம் இது இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதைப் பார்த்தே விபத்துத் தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. பிம்லா தேவி வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதற்கும் வெகுகாலம் முன்பே, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 1980-ல், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் வழிகாட்டியிருக்கிறார். என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமாயி அம்மாள் என்பது அந்த வழக்கின் பெயர். இருட்டிய பிறகு ஓடிய பேருந்து ஒன்று தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் உரசி, 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். கடவுளின் செயல் என்று சொல்லிக் குற்றவியல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டார். அதைக் காட்டி உரிமையாளர் இழப்பீட்டிலிருந்தும் தப்பப் பார்த்தார். இங்கொரு சந்தேகம், அங்கொரு தெளிவின்மை என்பதற்காகப் பாதிக்கப்பட்டவர்கள் கைவிடப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உரிமையாளரின் மனுவைத் தள்ளிவிட்டது. கருமாயி அம்மாள் பெயரைத் தாங்கிய அந்தத் தீர்ப்பை இன்றும் நாடெங்கும் தீர்ப்பாயங்கள் எடுத்துக்காட்டுகின்றன.

"அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தது", "இதயம் பலவீனம்" என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. இங்கிலாந்தில் 1950-ல் ஒரு தொழிலாளியின் உதட்டில் உருகிய உலோகம் தெறித்துச் சிறு தீக்காயம் ஏற்பட்டது. அது புற்றுநோயாக மாறி 1953-ல் அவர் இறந்தார். புற்று வரக்கூடிய தன்மை அவர் உடம்பில் முன்பே இருந்தது என்றது நிறுவனம். காயப்படுத்தியவர், காயம்பட்டவரின் உடம்பை அது இருந்தபடியே ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் அவருடைய மனைவிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஸ்மித் எதிர் லீச் பிரெய்ன் என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண் ஆறாமல் அழுகி அவர் இறந்தால், புண் விபத்தில் வந்ததா என்பதுதான் கேள்வி. ஆகவே பழைய நோயை மறைக்காதீர்கள். மறைத்து, குறுக்கு விசாரணையில் வெளிவந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் நீதிபதி நம்பத் தயங்குவார். விபத்துக்கு முன்னால் அந்த நோயை மாத்திரையில் கட்டுக்குள் வைத்து வேலைக்குப் போய்வந்தார் என்பதைக் காட்டும் பழைய சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

நம் மலையில் இந்தத் தொடர் எங்கெங்கே அறுந்துபோகிறது என்பதை இனிச் சொல்கிறேன்.

முதல் இடம், முதல் ஆஸ்பத்திரி. டம் டம் பாறைக்குப் பக்கத்தில் நடந்தால் வத்தலக்குண்டு, பெருமாள்மலைக்கு மேலே என்றால் கொடைக்கானல் அரசு மருத்துவமனை, பழனி ரோட்டில் என்றால் பழனி. அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் முதல் ஆதாரம். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். யார் கூட்டிவந்தார், எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கெங்கே காயம் என்று அதில் இருக்கும். போலீஸ் கேசு என்றால் அலைச்சல் என்று பயந்து, "படியில் விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிற குடும்பங்கள் உண்டு. அந்த ஒரு வரியைப் பிற்பாடு எத்தனை சாட்சி வைத்தாலும் அழிப்பது கடினம். தலையில் லேசான அடி என்றாலும், நெஞ்சில் வலி என்றாலும் அன்றைக்கே சொல்லி எழுத வையுங்கள். கால் முறிவை மட்டும் எழுதிவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தலைக்குள் ரத்தக்கட்டு என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

இரண்டாவது இடம், ஆஸ்பத்திரி மாறும்போது. கொடைக்கானலிலிருந்து தேனி க.விலக்கு, அங்கிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனை, நடுவில் பணம் புரட்டி ஒரு தனியார் மருத்துவமனை. ஒவ்வொரு இடத்திலும் பெயர் ஒரு மாதிரி, வயது ஒரு மாதிரி பதிவாகும். ஒரு சீட்டில் கருப்பையா, இன்னொன்றில் கருப்பசாமி என்று இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு வருடம் போகும். ஆதார் அட்டையைக் காட்டி ஒரே மாதிரி எழுத வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் சாலை விபத்து என்ற சொல்லும் விபத்தின் தேதியும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை பெற்றிருந்தால், அந்தப் பதிவும் ஒரு சாட்சிதான். 108 வண்டியில் ஏற்றிய பதிவும் அப்படியே. உள்நோயாளிப் பதிவேட்டின் நகலை நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. மூன்று ஆண்டுகள்தான் அவற்றை வைத்திருக்கும் கட்டாயம். வழக்கு அதைவிட நீளலாம். இப்போதே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது இடம், உங்கள் வீடு. இங்கேதான் அதிகம் அறுந்துபோகிறது. மறுபரிசோதனைக்கு வரச்சொன்ன தேதியில், வண்டிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ஆகும் என்று போகாமல் விடுகிறீர்கள். புத்தூர்க் கட்டு மாதிரி நாட்டு வைத்தியத்துக்குப் போகிறீர்கள், அங்கே தாள் கிடையாது. நான் அந்த வைத்தியத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று மாதம் எந்த மருத்துவச் சீட்டும் இல்லை என்றால், அந்த மூன்று மாதமும் அவர் நலமாக இருந்தார் என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். மதுரைக்குப் போக முடியாத நாளில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள். போக முடியாத நிலை என்றால் கிராமச் செவிலியரை வரச்சொல்லிப் படுக்கைப் புண்ணைப் பார்த்து எழுதித்தரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டு ஒன்றை எடுத்து, காய்ச்சல் வந்த நாள், வலிப்பு வந்த நாள், சாப்பாடு இறங்காத நாள் என்று தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். மருந்துக்கடை ரசீதின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், உடனே நகல் எடுங்கள். மலையின் ஈரத்தில் ஸ்கேன் படம் பூஞ்சை பிடிக்கும். பரணில் போடாமல், காய்ந்த இடமாகப் பார்த்து உறையில் வையுங்கள்.

நான்காவது இடம், இறந்த நாள். இதைக் கேட்க உங்களுக்கு மனம் ஒப்பாது, எழுத எனக்கும் கை வரவில்லை. ஆனாலும் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். உயிர் போனால், உடலை எடுக்கும் முன்பு, விபத்து வழக்குப் பதிவான காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். "இத்தனை நாள் கஷ்டப்பட்ட உடம்பு, அறுக்க வேண்டாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்த உடம்புக்குள்தான் காரணம் இருக்கிறது. நுரையீரலில் அடைத்த கட்டியையும், மண்டைக்குள் தேங்கிய ரத்தத்தையும் பிரேதப் பரிசோதனை மேசையில்தான் நேருக்கு நேர் பார்க்க முடியும். அதைப் பார்த்து ஒரு மருத்துவர் எழுதிவிட்டால், குறுக்கு விசாரணையில் உங்களை மூன்று கேள்வியில் மடக்க யாராலும் முடியாது.

பரிசோதனை செய்யவில்லை என்பதாலேயே மனு தோற்றுவிடாது, வேறு மருத்துவ ஆதாரம் இருந்தால் போதும் என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. முன்பு சொன்ன அம்மா அப்படித்தான் வென்றார். ஆனால் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு துண்டுச் சீட்டு இருக்கும் என்று நம்ப முடியாது.

காவல் நிலையத்தில் இன்னொன்றும் நடக்க வேண்டும். காயம் ஏற்படுத்தியதாகப் பதிவான வழக்கு, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகப் பிரிவு மாற்றப்பட வேண்டும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 304-அ; 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்து என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு. இந்தப் பிரிவு மாற்ற அறிக்கை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்குங்கள். போலீஸே இதைச் சாவு வழக்காக எடுத்துக்கொள்ளவில்லை என்ற வாதம் அதோடு அடைபடும்.

ஆஸ்பத்திரியில் இறந்தால் மருத்துவர் ஒரு படிவம் எழுதுவார். சாவின் காரணத்துக்கான படிவம் 4. அதன் முதல் பகுதியில் (அ), (ஆ), (இ) என்று மூன்று வரிகள் இருக்கும். முதல் வரியில் கடைசியாக உயிரைக் கொண்டுபோனது எது என்பது, அதன் கீழே அதற்குக் காரணம், அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் மூலம். மூச்சும் இதயமும் நின்றுபோனது என்று மேல் வரியை மட்டும் நிரப்பி விட்டுவிட்டால், உலகத்தில் இறக்கும் எல்லோருக்கும் பொருந்தும் ஒன்றைத்தான் எழுதியதாக ஆகும். (அ) நுரையீரல் தொற்று, (ஆ) நீண்ட நாள் படுக்கை, (இ) சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிவு என்று மூன்றையும் எழுதினால் உங்கள் வழக்கின் பாதி அந்தப் படிவத்திலேயே முடிந்தது. சாவு இயற்கையானதா, விபத்தா என்று குறிக்கும் இடமும், காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதும் இடமும் அதே படிவத்தில் உண்டு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவர் கையில் கொடுத்து, "ஐயா, மூலக் காரணத்தையும் எழுதுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். உள்ளதை எழுதச் சொல்வது உங்கள் உரிமை. 2023-ல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இதன் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும்.

பலர் என்னிடம் கொண்டுவருவது இறப்புச் சான்றிதழை மட்டும்தான். இறந்த தேதிக்கும் இடத்துக்கும் அது ஆதாரம். எதனால் இறந்தார் என்று அதில் இருக்காது. சாவின் காரணத்தை அதில் வெளியிடக் கூடாது என்பதே சட்டம். வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியும்போது, அவசரத்தில் "உடம்பு சரியில்லாமல்" என்று சொல்லிவிடாதீர்கள். விபத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்து இறந்தார் என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

இனிக் கெடு பற்றி. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்ததைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. இறுதித் தீர்ப்பு எப்படி வருமோ தெரியாது; அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் காயத்துக்கான மனுவைப் போட்டுவிடுங்கள். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். எட்டாவது மாதம் அவர் இறந்தாலும், வாரிசுகளாக நீங்கள் சேர்ந்து, காய மனுவைச் சாவு மனுவாகத் திருத்திக்கொள்ள வழி உண்டு. சிகிச்சை முடியாத நிலையில் லோக் அதாலத்தில் சமரசம் பேசி முடிக்க அவசரப்படாதீர்கள். அங்கே ஆகும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது.

அதே திருத்தம் நல்லது ஒன்றும் செய்திருக்கிறது. முன்பெல்லாம், விபத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் இறந்தார் என்று முடிவானால், வலிக்கும் வேதனைக்குமான கோரிக்கை அவரோடு போய்விடும். இப்போது 166-வது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, சாவுக்கும் காயத்துக்கும் தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காயத்துக்கான இழப்பீட்டு உரிமை வாரிசுகளுக்கு வரும் என்கிறது. தொடர்பைக் காட்ட முடியாமல் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

ஆனால் இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 38 வயதுத் தோட்டத் தொழிலாளி. மாதம் 12,000 ரூபாய் வருமானம் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். 2017-ம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்புப்படி வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 16,800. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 12,600. ஆண்டுக்கு 1,51,200. 2009-ம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின்படி அந்த வயதுக்கான பெருக்கல் எண் 15. ஆக மொத்தம் 22,68,000 ரூபாய், இதர இனங்கள் தனி. தொடர்பு அறுந்துபோனால் கிடைப்பது ஆஸ்பத்திரிச் செலவும், அவர் படுத்திருந்த மாதங்களின் கூலியும், காயத்துக்கான தொகையும்தான். பிள்ளைகள் படிப்பைத் தொடர்வதா, பீன்ஸ் பறிக்கப் போவதா என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது.

மலை வளைவில் தானே சறுக்கி விழுந்து, எதிர் வண்டி இல்லாத விபத்துகளும் நிறைய. சொந்த வண்டியை ஓட்டியவருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். வழக்கமாக அந்தப் பாலிசியில் மட்டும், அடிபட்ட ஆறு மாதத்துக்குள் அந்தக் காயத்தால் இறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அங்கே நாள் கணக்கு முக்கியம்.

காரணத்தை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பது கொடைக்கானலுக்குப் புதிதல்ல. 1983-ல் தொடங்கி 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் தொழிலாளர்கள், பாதரசம்தான் தங்கள் நோய்க்கும் உடன் வேலை செய்தவர்களின் சாவுக்கும் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2016-ல்தான் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. அப்போதும் மனிதாபிமான அடிப்படையில் தருவதாகவே நிறுவனம் சொன்னது. கண்ணுக்குத் தெரியாத ஆவியை, எந்த நாள் சுவாசித்தோம் என்று காட்ட முடியாத ஒன்றை, அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு நாள் தெரியும், இடம் தெரியும், வண்டி எண் தெரியும். தொடக்கம் உறுதியாக இருக்கிறது. முடிவு வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று பின்வாங்காதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழிசொல்வார்கள்.

இந்த மடலைப் படித்தவர்கள், ஊரில் படுத்திருக்கும் இன்னொருவர் வீட்டுக்குப் போய் இதைப் படித்துக்காட்டுங்கள். ஏ.ஆர். காப்பி இருக்கிறதா, சம்மரியில் விபத்து என்று எழுதியிருக்கிறதா, மறுபரிசோதனைக்குப் போனார்களா, மனு போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். அவர் பிழைத்து எழுந்தால் இத்தனை தாளும் அவருடைய காயத்துக்கு முழு இழப்பீடு வாங்கித்தரும். பிழைக்காமல் போனால், அவர் எதனால் இறந்தார் என்ற உண்மையை அவர் பிள்ளைகளுக்காக அந்தத் தாள்கள் சொல்லும். இரண்டில் எதுவானாலும் வேலை இன்றைக்கே தொடங்க வேண்டியது.

உங்கள் நலம் நாடும்,
விபத்து வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞன்